எழிலரசி வீட்டு டேங்க் மேலே ஏறிய கதை

எழிலரசியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல ஆள் வேண்டுமென்றால் கடலூர் மாவட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். தொழிலாளர் துறையில், எடை அளவுகளைச் சோதிக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. மளிகைக் கடைத் தராசு, நகைக் கடைத் தராசு, பெட்ரோல் பங்க் மீட்டர் என்று ஊரார் தொடக் கூசுகிற இடத்தில் எல்லாம் கை வைக்கிற வேலை. முதுநகர் மீன் மார்க்கெட்டில் அவள் ஜீப்பை விட்டு இறங்கினால் பாதித் தராசு சாக்குக்கு அடியில் போய்விடும். தராசம்மா வருது என்று ஆளுக்கு ஆள் சொல்லிவிடுவார்கள். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். அதில் வருத்தமும் இல்லை. பயப்படட்டும் என்பாள்.

வேலை கடலூரில், வீடு சிதம்பரத்தில். தினமும் பஸ். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ரோடு வேலை நடக்கிற புழுதியை எல்லாம் தின்றுகொண்டு சாயங்காலம் வீடு வந்து சேரும்போது புடவையில் கருவாட்டு வாடை அடிக்கும், இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருக்கும். இடுப்பு எலும்பில் தேய்மானம். குனிந்து வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ளக் கூடாது, நின்றபடி சுடுதண்ணீர் வேகமாக இடுப்பில் விழுகிற மாதிரி குளியுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாம் என்றும் சொன்னார். அதற்காகத்தான் அவள் பாத்ரூமில் ஷவர் வைத்து, பின்பக்கம் வெளிச்சுவரில் கேஸ் ஹீட்டர் மாட்டினாள்.

கேஸ் ஹீட்டரில் ஒரு விசேஷம் உண்டு. தண்ணீர் வேகமாக உள்ளே போனால்தான் அதில் நெருப்பு பற்றும். வேகம் குறைந்தால் டிக் டிக் டிக் என்று பொறி தட்டிக்கொண்டே இருக்குமே தவிர, பற்றாது. எழிலரசி வீட்டில் அது பற்றவே இல்லை. ஷவரைத் திறந்தால் தண்ணீர் நூல் நூலாக இறங்கிச் சுவரோரம் வழியும். வெளியே ஹீட்டர் தட்டிக்கொண்டிருக்கும். இவள் உள்ளே நனையாமலும் காயாமலும் நின்று திட்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவள் புருஷன் கதிரவன், பேசாமல் அடுப்பில் ஒரு வாளி வெந்நீர் போட்டுத் தரட்டுமா என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டான். நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். அதற்கு அவனுக்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது.

முதலில் அவள் சண்டைக்குப் போனது ஹீட்டர் விற்ற கடைக்கு. திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிற கடை. ஓட்டை சாமானைத் தலையில் கட்டிவிட்டாயா என்று கல்லாவுக்கு எதிரே நின்று கேட்டாள். கடைக்காரன் அவளை யாரென்று தெரிந்தவன், எதிர்த்துப் பேசவில்லை. அவள் கழற்றிக்கொண்டு வந்த ஹீட்டரை அங்கேயே குழாயில் மாட்டித் திறந்து காட்டினான். முதல் தட்டிலேயே பற்றி எரிந்தது. எழிலரசி அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். தப்பு தன் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்ததில் கோபம் இன்னும் ஜாஸ்தி ஆயிற்று.

பிறகு லூர்துசாமி வந்தார். வீடு கட்டும்போது கொத்து வேலையும் குழாய் வேலையும் பார்த்தவர் அவர்தான். கடலூர் முதுநகர்க்காரர். முதல் தடவை வந்து ஷவர் தட்டைக் கழற்றினார். போர் தண்ணீர் உப்பு, ஓட்டையெல்லாம் வெள்ளையாக அடைத்திருந்தது. வினிகரில் ஊறப்போட்டு ஊசியால் குத்திவிட்டார். அடுத்த தடவை ஹீட்டருக்குள் தண்ணீர் நுழைகிற இடத்தில் இருந்த வலையைக் கழற்றி மணலைத் தட்டினார். அதற்கும் அடுத்த தடவை, வளைவுகள் ஜாஸ்தி, அதான் வேகம் சாகிறது என்று சொல்லிச் சுவரைக் கொத்திப் பைப்பையே பெரிதாக மாற்றினார். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கொஞ்சம் கூடியது. ஒவ்வொரு தடவையும் ஹீட்டர் தட்டிவிட்டு நின்றுவிட்டது.

எழிலரசி அவரைக் கையோடு மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மாடியில் டேங்க் முழங்கால் உயரத்துக் கல் வரிசை மேல் உட்கார்ந்திருந்தது. தண்ணீருக்கு வேகம் உயரத்திலிருந்துதான் வரும் என்பது அவளுக்கும் தெரியாததில்லை. டேங்க்குக்கும் ஷவருக்கும் இடையே ஓர் ஆள் உயரம்கூட இல்லை. பக்கத்தில் மாடிப்படி வந்து முடிகிற சின்ன அறை, ஹெட்ரூம் என்பார்களே, அதன் தலையில் செங்கல்லில் இரண்டு குட்டைச் சுவர் எதிரெதிராக நின்றது. குடிவந்த நாளிலிருந்து அதைப் பார்க்கிறாள். ஏதோ கொத்தனார் மிச்சம் வைத்தது என்று நினைத்திருந்தாள். இன்றைக்குத்தான் அதைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டாள்.

லூர்துசாமி கழுத்தைச் சொறிந்தார். டேங்க்குக்காகக் கட்டியதுதான் என்றார்.

"டேங்க்குக்கு கட்டிட்டு டேங்க்க கீழ வச்சா?"

"நானா வைக்கல மேடம். உங்க அப்பாதான் கீழயே வச்சிடுன்னாரு. பக்கத்து வூட்டு ஐயாவுக்கு ஒசரமா வந்தா புடிக்கலியாம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு வேற சொன்னாரு."

தெரிந்துகொண்டே மூன்று தடவை வந்து சுவரை உடைத்தாயா என்று அவள் லூர்துசாமியைக் கேட்டாள். பெரியவர் பேச்சைத் தட்ட முடியவில்லை என்று முனகினார். பாவம், அவரைத் திட்டி முடிக்கவே அவளுக்குப் பொறுமை இல்லை. விடுவிடுவென்று படி இறங்கினாள்.

அவளுடைய அப்பா அய்யனார் கரும்பாலை யார்டில் மூட்டையும் கட்டும் தூக்கி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மகளோடு இருக்கிறார். இந்த வீடு எழும்பியபோது மகளுக்கும் மருமகனுக்கும் வேலை, அவர்தான் மனையில் தகரக் கொட்டகை போட்டு, அதிலேயே படுத்து, சிமென்ட் மூட்டைக்குக் காவல் இருந்தார். அப்போது போர் போடவில்லை, கரன்ட் இணைப்பும் வரவில்லை. இந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்கிற மாதிரிதான் செய்தார்கள். சொந்தத் தண்ணீர் வருகிறவரைக்கும் பக்கத்து வீட்டுக் குழாயிலிருந்து மதில் மேல் ஓஸ் போட்டு எடுத்து, கலவைக்கும் சுவர் நனைக்கவும் வைத்துக்கொண்டார்கள்.

பக்கத்து வீடு கோவிந்தசாமியுடையது. மேற்கே இருக்கிறது. கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், திருநீறும் கடிகாரமுமாக வெளுத்த ஆள். எழிலரசி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்தார், தப்பு சொல்லக் கூடாது. வந்து முன்ஹாலில் உட்கார்ந்தார். சர்க்கரை வியாதி, சாப்பாடு வேண்டாம் என்றார். பிறகு மூடி திறக்காத ஒரு கலர் பாட்டிலைக் கேட்டு வாங்கிக் குடித்தார். சர்க்கரை வியாதிக்காரர் கலர் குடிப்பதை எழிலரசி பார்த்தாள். அன்றைக்கே கணக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவரோடு அவள் வணக்கம் சொல்வதோடு சரி.

அப்பா பின்வாசலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். டேங்க்கைத் தாழ வைக்கச் சொன்னது நீங்களா என்று கேட்டாள். அவர் பேப்பரை மடித்தார். ஆமாம் என்றார்.

"தண்ணி குடுத்தாரும்மா. தண்ணியில்லாம செவுரு எப்புடி நிக்கும்? அவருக்கு கெழக்குல ஒசரம் வரக் கூடாதாம், வாஸ்து பாக்கறவரு. ஒரு டேங்க்குதான, தாழ இருந்தா என்னா, தண்ணி வராமலா போயிடும்?"

"வரலியேப்பா."

தண்ணீர் வரவில்லை என்று இத்தனை மாதமாக வீடே கத்திக்கொண்டிருக்கிறதே, எல்லாம் தெரிந்துகொண்டு எப்படி வாயை மூடி உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டாள். அவர் மடித்த பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார். அந்த ஓஸ் எப்படி வந்தது என்று கேட்டாள். குழாயைக் கோவிந்தசாமிதான் திறப்பாராம். இவர் தொடக் கூடாது. காலையில் மதிலோரம் போய் நின்று ஐயா என்று கூப்பிட்டால், பூஜை முடிந்து, பேப்பர் படித்து முடித்து வந்து திறந்துவிடுவாராம். அதுவரைக்கும் நிற்பாராம். தினமுமா என்று கேட்டாள். வீடு ஏறுகிறவரைக்கும் தினமும்தான் என்றார் அய்யனார்.

எழிலரசி பிறந்தது மங்கலம்பேட்டைக்குப் பக்கத்து ஊரில், ஊருக்கு வெளியே தனியாக இருந்த தெருவில். அங்கே இவர்கள் தெருப் பம்பு பழுதானால் ஊர்த்தெருப் பம்புக்குப் போக வேண்டும். தாங்களே அடித்துக்கொள்ள முடியாது, குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். யாருக்காவது மனசு வந்தால் அடித்து, தங்கள் குடத்திலிருந்து தூக்கி இவர்கள் குடத்தில் மேலாக ஊற்றுவார்கள். பாதி தரையில் போகும். சின்னப் பெண்ணாக அவள் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பக்கத்தில் அப்பா துண்டை இடுப்பில் கட்டி நிற்பார். அந்த நிற்பு பிடிக்காமல்தான் அவள் விடுதியில் போய்ப் படித்தாள், பரீட்சை எழுதினாள், திட்டக்குடியில் முதல் வேலை வாங்கினாள், சிதம்பரத்தில் மனை வாங்கினாள். அவள் வாங்கின மனையிலேயே அவர் போய் அதே மாதிரி நின்றிருக்கிறார். யாரும் நிற்கச் சொல்லாமலே நின்று, டேங்க்கையும் சேர்த்துத் தாழ்த்திக் கொடுத்திருக்கிறார். அவர் மேல் வந்த கோபத்தில் அவளுக்குக் கோவிந்தசாமிகூட ஒரு நிமிஷம் மறந்துபோனார்.

அன்றிலிருந்து அப்பாவோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை மட்டும் வைப்பாள், கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

கதிரவன் சமாதானத்துக்கு வந்தான். அவன் காலேஜ் ஆபீஸில் வேலை பார்க்கிறவன், நாலு பேரை ஒத்துப்போக வைப்பதே பாதி வேலை. ஹீட்டருக்கு முன்னால் ஒரு சின்ன பிரஷர் பம்பு வைத்துவிட்டால் போதும், டேங்க்கைத் தொட வேண்டியதில்லை, மாமாவுக்கும் சங்கடமில்லை, பக்கத்து வீட்டிலும் முணுமுணுப்பு இருக்காது என்றான். அவன் சொன்னதில் தப்பே கிடையாது. கடலூரில் பாதி வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். பம்பு வைத்தால் தண்ணீர் அடிக்கும், ஹீட்டர் பற்றும், இடுப்புக்கும் சுகம்.

"பம்பு வச்சா தண்ணி வரும். டேங்க்கு அங்கயேதான் இருக்கும்" என்றாள் எழிலரசி. "எனக்கு சுடுதண்ணி வாணாம், போங்க. டேங்க்கு மேல போவணும்."

கதிரவன் அவள் முகத்தைப் பார்த்தான். லூர்துசாமிக்கு அவனே போன் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்துக்கொண்டு லூர்துசாமி இரண்டு ஆட்களோடும் கயிற்றோடும் வந்தார். டேங்க்கைக் காலி செய்து, பைப்பைக் கழற்றி, கயிறு கட்டினார்கள். ஹெட்ரூம் தலையில் ஓர் ஆள், கீழே இரண்டு பேர். எழிலரசி நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு மாடியில் நின்றாள். அய்யனார் படிக்கட்டின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார், மேலே ஏறி வரவில்லை. கயிறு இழுபடுகிற சத்தத்துக்குக் கோவிந்தசாமி தன் மாடிக்கு வந்துவிட்டார்.

அவர் எழிலரசியைப் பார்க்கவே இல்லை. அவள் அங்கே நிற்பதே தெரியாத மாதிரி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அய்யனாரு, என்னா இது? எங்கிட்ட என்னா சொன்ன நீ?"

அவரைவிட அப்பாவுக்கு ஆறேழு வயது ஜாஸ்தி.

"சார், வீடு எம்பேர்ல இருக்குது. எங்கிட்ட பேசுங்க" என்றாள் எழிலரசி. "எங்கப்பாவ பேரு சொல்லி கூப்புடாதீங்க."

அப்போதுதான் அவர் திரும்பினார். மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். கிழக்கில் உயரம் வந்தால் அந்த வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு ஆகாது என்றார், தனக்கு ஒரே பையன் என்றார். தண்ணீர் கொடுத்த நன்றி கொஞ்சமாவது வேண்டாமா என்று கேட்டார். அதெல்லாம் பெரியவரிடம் பேசி முடித்தது, படித்த பெண் நீ இப்படி வாக்கை மீறலாமா என்றார். பேசப் பேசக் குரல் ஏறியது. நகராட்சியில் எழுதிப் போடுவேன் என்றும் சொன்னார். போடுங்கள், வந்து அளந்து பார்க்கட்டும் என்றாள் இவள். அளப்பதைக் காட்டி அவளைப் பயமுறுத்த முடியுமா.

கோவிந்தசாமி வீட்டுக்கு வடக்கே ஒரு ஜவுளிக் கடைக்காரரின் வீடு. மூன்று மாடி. அதன் தலையில் இரண்டு டேங்க். எழிலரசி அதைக் கையை நீட்டிக் காட்டினாள்.

"வடக்குலயும் ஒசரம் வரக் கூடாதுன்னுதான் சார் வாஸ்துல சொல்றாங்க. அங்க மூணு மாடி நிக்குது. அவுங்ககிட்ட போயி எறக்கச் சொன்னீங்களா?"

"அவுங்க வேற."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகு வாயை ஒருதரம் துடைத்துக்கொண்டார். கயிற்றைப் பிடித்திருந்த ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். லூர்துசாமி பாக்கெட்டில் எதையோ தேடினார்.

கையில் இருந்ததை எடுத்து அடித்துவிடுவோமோ என்று எழிலரசிக்கே சந்தேகமாக இருந்தது. நல்ல வேளை, கையில் ஒன்றும் இல்லை.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம் சார். வாஸ்துன்னு சுத்தி வளச்சிருக்க வாணாம்" என்றாள். பிறகு திரும்பி, "லூர்தண்ணா, தூக்குங்க" என்றாள்.

தூக்கினார்கள். டேங்க் சுவரில் ஒருதரம் இடித்து, சாய்ந்து, மேலே போய் அந்த இரண்டு குட்டைச் சுவர்மேல் உட்கார்ந்தது. கோவிந்தசாமி கதவைச் சாத்திக்கொண்டு கீழே போன சத்தம் இந்த வீட்டில் கேட்டது. லூர்துசாமி மேலேயிருந்து ஹீட்டருக்கென்றே நேராக ஒரு தனி லைன் இறக்கினார். சமையலறையில் திறந்தாலும் பின்வாசல் குழாயைத் திறந்தாலும் இதில் குறையாது என்றார். பழைய பாவத்துக்குக் கழுவாயாக அன்றைக்குக் கச்சிதமாகத்தான் வேலை செய்தார். கூலியை மட்டும் குறைக்கவில்லை.

டேங்க் நிரம்பியபோது வெயில் இறங்கிவிட்டது. எழிலரசி பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தி ஷவரைத் திறந்தாள். வெளியே ஒரு டிக். அவ்வளவுதான், குப்பென்று பற்றிற்று. தண்ணீர் முதலில் பச்சையாகவும் பிறகு இளஞ்சூடாகவும் பிறகு நல்ல சூடாகவும் வந்து பின்கழுத்தில் அடித்தது. அவள் சுவரில் கையை ஊன்றி இடுப்பைக் காட்டினாள். இத்தனை வருஷத்துக் கருவாட்டு வாடையும் பஸ் புழுதியும் ஒரே நாளில் போய்விடும் போலிருந்தது. சந்தோஷமாக இருந்தது. அதைச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும், கண்ணில் தண்ணீர் வந்தாலும்.

மேலே காற்று போகிற சந்து வழியாகப் பின்வாசல் பேச்சு கேட்டது. அப்பா தன் வாளியைக் குழாயில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் வெளியேதான் குளிப்பார், பச்சைத் தண்ணீரில். மதிலுக்கு அந்தப் பக்கம் கோவிந்தசாமியின் குரல்.

"பொண்ணு கோவக்காரிங்க ஐயா" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். "மனசுல வச்சுக்காதீங்க ஐயா."

எழிலரசியின் கை ஷவர் பைப்புக்குப் போயிற்று. இப்படியே துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே போய் அந்த வாளியைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று வந்தது. யாரிடம் மன்னிப்பு கேட்கிறார் இவர்? என்ன செய்ததற்கு?

கோவிந்தசாமி அடங்கிய குரலில் என்னவோ சொன்னார். நீ சொன்னால் கேட்பாள், இரண்டு நாள் விட்டு இறக்கிவிடச் சொல் என்பது மட்டும் காதில் விழுந்தது. அப்பா குழாயை மூடினார். வாளியின் கைப்பிடி சத்தம் போட்டது.

"அது முடியாதுங்க ஐயா" என்றார் அய்யனார். "அது இனிமே எறங்காதுங்க ஐயா."

எழிலரசி பைப்பிலிருந்து கையை எடுத்தாள். தண்ணீர் அதே வேகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவள் நகராமல் நின்றாள். அன்றைக்கு ராத்திரியே அப்பாவோடு பேச ஆரம்பித்துவிட்டாள், தட்டையும் சத்தமில்லாமல் வைத்தாள். ஆனால் அவர் வாயில் வந்த அந்த நாலு ஐயாவை மட்டும் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.